உலாவும் சுற்றுலாவும்: அல்சூர்ப் பூப்பல்லக்கை முன்வைத்து

(சற்று நீண்ட பதிவு. விழாப் பொருளாதாரம் குறித்து ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

கோடைத் தொடக்கத்தில், பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில், பெங்களூரு அல்சூரின் தெருக்களில் ஓரிரவு பூப்பல்லக்குகள் பவனி வரும். அல்சூர் சோமேசுவரர் கோயில் திருவிழாவை ஒட்டி, அப்பகுதியின் பல்வேறு கோயில்களிலிருந்தும் உற்சவ மூர்த்திகள் தத்தம் பல்லக்கில் புறப்பட்டு ஒரே வீதியில் வந்து சேரும் விழா இது. முன்பு தோளில் சென்ற பல்லக்குகளுள் பல இன்று இழுவை வண்டிகளின் மேல் ஏறிவிட்டன. மல்லிகைச் சரங்களும் மின்விளக்குத் தோரணங்களும் மூடிய அவற்றைக் காண அல்சூரும் சுற்றுப்புறமும் விடியும்வரை விழித்திருக்கும். ஆயினும் இது விமானம் ஏறிவந்து காணும் விழாவன்று. தெருவில் வாழ்வோர் தம் வாசலில் நின்று காண்பது.

சுற்றுலாவியல் பாடநூல்கள் ஒரு விழாவைப் பார்த்து எழுப்பும் முதற்கேள்வி, வெளியூரிலிருந்து எத்தனை பேர் வந்தனர், எத்தனை இரவு தங்கினர், எவ்வளவு செலவிட்டனர் என்பது. இக்கேள்வியை அல்சூரில் கேட்டால் மிகச் சிறிய விடையே கிடைக்கும். அவ்விடையை வைத்துக்கொண்டு, இவ்விழாவுக்குப் ‘பண்பாட்டு மதிப்பு’ உண்டு, ‘பொருளாதார மதிப்பு’ இல்லை என்று எழுதிவிடுவது எளிது. அண்மைக்காலத்தில் இவ்வகை வாக்கியங்களை ஆய்வேடுகளிலும் திட்ட அறிக்கைகளிலும் அடிக்கடி காண்கிறேன். தென்னிந்திய விழாக்களின் வரலாறு அறிந்த ஒருவர் இவ்வாக்கியத்தை எழுத இயலாது என்பதே என் வாதம். இங்கு விழா என்பது, ஊரின் பணத்தை ஊருக்குள்ளேயே குறிப்பிட்ட கைகளுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடாக இருந்து வந்துள்ளது. வெளியூரார் வருகை அதன்மேல் ஏறிய கூடுதல்.

மொழியியல் படித்துவிட்டு வரலாற்றுப் பக்கம் வந்தவர்கள் சொற்களிலிருந்து தொடங்காமல் இருக்க மாட்டார்கள், பொறுத்தருள்க. ‘சுற்றுலா’ என்னும் இக்காலச் சொல்லுக்குள் ‘உலா’ என்னும் பழஞ்சொல் அமர்ந்திருக்கிறது. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வருதல் உலா. அப்பவனியைப் பாடுவதும் உலா. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானவுலா ‘ஆதியுலா’ எனப் போற்றப்படுகிறது. ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீது மூன்று உலாக்கள் பாடினார். அவ்விலக்கியங்களில் ஊர் நிலைத்து நிற்கும், தலைவன் நகர்வான். சுற்றுலாவிலோ காட்சி நிலைத்து நிற்கிறது, காண்போர் நகர்கின்றனர். ஒரே சொல், திசைமட்டும் தலைகீழ். இத்திசைமாற்றத்தைப் பொருளாதார நோக்கில் எடுத்துக்கொண்டால், காசு எந்த இடத்தில் கைமாறுகிறது என்ற கேள்வி வந்து நிற்கும். இப்பதிவு முழுவதும் அக்கேள்வியைச் சுற்றியே செல்கிறது.

கன்னடம் சுற்றுலாத் துறையைப் ‘பிரவாசோத்யம’ என்கிறது. பிரவாசம் பயணம், உத்யமம் தொழில். தொழில் என்பது சொல்லிலேயே வெளிப்படை. ஆனால் அதே கன்னடத்தில் கோயில் திருவிழாச் சந்தைக்குரிய பழஞ்சொல் ‘ஜாத்ரெ’. வடமொழி ‘யாத்ரா’வின் திரிபு அது. பயணத்தைக் குறித்த சொல், பயணம் சென்று சேரும் விழாவையும் அங்குக் கூடும் கடைகளையும் குறிக்கத் தொடங்கியது. பசவனகுடியின் கடலைக்காய்ப் பரிஷெயில் வரும் ‘பரிஷெ’, அவை எனப் பொருள்படும் ‘பரிஷத்’திலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘ஃபேர்’ இலத்தீனில் புனித நாளைக் குறித்த ‘ஃபேரியா’விலிருந்து பிறந்தது. ஜெர்மானியர் திருப்பலிக்கும் வணிகக் கண்காட்சிக்கும் ‘மெஸ்ஸெ’ என்ற ஒரே சொல்லை வழங்குகின்றனர். பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சியின் ஜெர்மன் பெயர் ‘புக்மெஸ்ஸெ’ என முடிவது அதனால்தான். வழிபடும் நாளும் விற்கும் நாளும் ஒன்றாயிருந்த நெடுங்காலத்தின் எச்சங்கள் இவை. பண்பாடு ஒருபுறம், பொருளாதாரம் மறுபுறம் எனப் பிரித்தெழுதும் பழக்கம் இச்சொற்களைவிட மிக இளையது.

இனி இடத்துக்கு வருவோம். கன்னடத்தில் ஹலசூரு, தமிழில் அல்சூர், ஆங்கிலேயர் ஏடுகளில் உல்சூர். பலாமரங்கள் மிகுந்த ஊர் என்பது மக்கள் வழங்கும் பெயர்க்காரணம். கன்னடத்தில் பலா ‘ஹலசு’. பழங்கன்னடச் சொற்களின் முதலில் நின்ற பகரம் இடைக்காலத்தில் ஹகரமாயிற்று: நம் பால் அங்கு ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. அந்த ஹகரமும் தமிழர் வாயில் உதிர, எஞ்சியது அல்சூர். இவ்வொலிமாற்றத்தை இங்குச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பூவுக்கும் இதுவே நிகழ்ந்தது. கன்னடத்தில் அது ‘ஹூவு’. ஆகவே இவ்விழா தூய கன்னடத்தில் ‘ஹூவின பல்லக்கி’ என்றும், தமிழில் ‘பூப்பல்லக்கு’ என்றும் இருக்கவேண்டும். நகரத்தின் வாயிலும் ஆங்கில நாளேடுகளிலும் வழங்குவதோ ‘பூ பல்லக்கி’. முற்பாதி தமிழ், பிற்பாதி கன்னடம். பல்லக்கி வடமொழிவழி வந்த கடன்சொல்லாதலால் அதன் பகரம் மாறவில்லை. எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யாத இப்பெயர், தெருவில் யார் யார் நின்றிருந்தனர் என்பதை எந்த மக்கள்தொகைக் கணக்கையும் விடச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

அவர்கள் அங்கு நிற்க நேர்ந்த வரலாறு வருமாறு. கெம்பே கௌடர் 1537இல் பெங்களூரில் மண்கோட்டை கட்டினார் என்பதும், விஜயநகரப் பேரரசர் அச்சுதராயர் அவருக்கு அளித்த ஊர்களுள் ஹலசூரும் ஒன்று என்பதும் மரபான செய்திகள். கோட்டையைச் சூழ வளர்ந்தது பேட்டை. 1809இல் ஆங்கிலேயர், பேட்டைக்குக் கிழக்கே அல்சூர்ப் பகுதியில் தம் படைக்குப் பாளையம் அமைத்தனர். ஊரார் அதைத் ‘தண்டு’ என்றனர். படை என்று பொருள். சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் பெயரில் அச்சொல் இன்னும் வாழ்கிறது. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழ் பேசும் மக்கள் திரளாக வந்தனர். சிப்பாய்கள், கொத்தனார்கள், சமையற்காரர்கள், துணி வணிகர்கள், ஒப்பந்தக்காரர்கள் எனப் பலதிறத்தார். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து தண்டு வரை இரயில்பாதை திறக்கப்பட்டபின் அவ்வரவு இன்னும் எளிதாயிற்று. 1881இல் மைசூர் அரசு உடையார் குடும்பத்திடம் மீண்டபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் நிருவாகத்திலேயே நின்றது. 1947இல்தான் அது மைசூரிடம் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெங்களூரு இரண்டு ஊர்களாகவே இயங்கிற்று என்பதை மறந்துவிட்டு இந்நகரின் விழாக்களைப் படிக்க முடியாது.

பேட்டையின் பெருவிழா கரகம். தருமராயர் கோயிலிலிருந்து சித்திரைப் பௌர்ணமி இரவில் திரௌபதியின் சக்தியைத் தாங்கிய கரகம் புறப்படும். வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ, பெண்கோலம் பூண்ட பூசாரி அதைத் தலையில் சுமந்து செல்வார். காட்டன்பேட்டையின் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று மீள்வார். விழாவுக்குரியோர் திகளர் எனப்படும் வன்னிகுல சத்திரியர். தோட்டத்தொழிலே அவர்களின் மரபுத் தொழில். மல்லிகையால் மூடப்பட்ட அக்கரகத்துக்கு ‘ஹூவின கரக’ என்று பெயர்.

இங்குச் சற்று நிற்கவேண்டும். குண்டுமல்லி மிகுதியாகப் பூப்பது மார்ச்சு முதல் சூன் வரையான காலத்தில். கரகமும் பூப்பல்லக்கும் மல்லிகை மலிந்து கிடக்கும் பருவத்திலேயே அமைகின்றன. மலர் விளைத்தோர் கையில் மலர் மிகுந்திருக்கும் நாளில், மலரை அளவின்றிச் செலவிடும் விழா. விளைச்சல் பெருகி விலை சரியும் பொழுதில் ஒரே இரவில் பெருந்தேவையைப் படைக்கும் இவ்வேற்பாட்டை எவரும் திட்டமிட்டு வகுத்திருக்க வேண்டியதில்லை. நாள்காட்டியும் நிலமும் நீண்டகாலம் ஒட்டி வாழ்ந்ததன் விளைவு என்று கொள்ளலாம். கார்த்திகைக் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிஷெயும் இத்தகையதே. புதுக்கடலை அறுவடையாகும் காலத்தில் உழவர் மூட்டையோடு நகருக்கு வருகின்றனர். பயிரைத் தின்று தீர்த்த எருதைச் சாந்தப்படுத்த அவ்விழா தோன்றியதாகக் கதை சொல்கிறது. நிலக்கடலையோ தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். தென்னிந்தியாவில் பெருவாரியாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில். கெம்பே கௌடர் கட்டியதாகச் சொல்லப்படும் கோயிலின் விழாவுக்குள், பின்னாளில் வந்த பணப்பயிர் ஒன்று நுழைந்து, தனக்கென ஒரு தொன்மக் கதையையும் தேடிக்கொண்டிருக்கிறது. விழாக்கள் பழமையானவை என்பதால் அவற்றின் பொருளாதாரமும் உறைந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

பல்லக்கை மூடும் பூ எங்கிருந்து வருகிறது? 1928இல் கட்டப்பட்ட கிருஷ்ணராஜேந்திரச் சந்தையே நகரின் மலர் வணிகத்துக்கு மையம். ஓசூர், கோலார், சிக்கபள்ளாபுரம் வட்டாரங்களிலிருந்து கூடைகள் அங்கு வந்து சேருகின்றன. உதிரிப்பூ எடைக்கு வாங்கப்பட்டு, சரமாகக் கட்டப்பட்டு, முழக்கணக்கில் விற்கப்படுகிறது. தமிழின் முழம் கன்னடத்தில் ‘மொள’. விற்பவர் தமிழ் பேசினாலும் வாங்குபவர் கன்னடம் பேசினாலும் முழங்கை ஒன்றே. எடைக்கும் முழத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில் இருப்பது கட்டுபவரின் உழைப்பு. விழாவின் பொருளாதாரத்தை ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டுமாயின் நான் அவ்விடைவெளியைத்தான் காட்டுவேன். பூக்கட்டும் பெண்கள், பல்லக்குச் சட்டம் பிணைப்போர், சீரியல் விளக்குத் தொங்கவிடுவோர், நாகசுரக்காரர், தவிற்காரர், தமட்டை அடிப்போர், பொரியும் பெண்டு-பத்தாசும் விற்போர், பலூன் விற்போர் ஆகிய இவர்களுக்கு அவ்விரவு ஒரு வேலைநாள். வந்தவர் வெளியூராரா உள்ளூராரா என்பது இவர்கள் வருவாய்க்கு ஒரு பொருட்டன்று.

செலவை ஏற்பது யார் என்ற வினா இன்னும் சுவையானது. தென்னிந்தியக் கோயில் விழாக்களின் நிதியமைப்பை ஒற்றைச் சொல்லில் கூறினால் ‘மண்டகப்படி’. மண்டபத்தில் சுவாமி இறங்கும்போது அன்றைய செலவை ஒரு குடும்பமோ சமூகமோ தொழிற்குழுவோ ஏற்கும். ‘படி’ அளவையும் ஆகும், அன்றாடச் செலவுக்குரிய கொடுப்பும் ஆகும். பத்து நாள் விழா என்றால் பத்து நாளும் வெவ்வேறு உபயதாரர். அரசுக் கருவூலம் வற்றினாலும் விழா நிற்பதில்லை. ஒரு வணிகர் நொடித்தாலும் மீதி நாள்கள் நடந்துவிடும். அரசவை இல்லாத தண்டு போன்ற ஓரிடத்துக்கு இம்முறை எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மைசூருக்கு உடையார் இருந்தனர். தண்டுக்கு இருந்தோர் வணிகரும் ஒப்பந்தக்காரரும். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் அத்தாரா கச்சேரியை (பதினெட்டுத் துறைகளின் அலுவலகம் என்பது பெயர்ப்பொருள்) 1868இல் கட்டிமுடித்த ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார், 1873இல் பள்ளி தொடங்கியவர். கொடையால் மதிப்பு ஈட்டும் அத்தகைய வகுப்பொன்று தண்டில் இருந்தது.

கோயிலும் காசும் இவ்வட்டாரத்தில் இணைந்த கதை தண்டைவிடப் பழையது. அல்சூரிலிருந்து தொலைவில் இல்லாத தொம்மலூரின் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. லூயி ரைஸ் பதிப்பித்த எபிகிராபியா கர்நாட்டிகாவின் ஒன்பதாம் தொகுதியில் அவற்றைக் காணலாம். அவற்றில் அவ்வூருக்குத் ‘தேசிமாணிக்கப்பட்டணம்’ என்றும் பெயர். ‘தேசி’, ‘பட்டணம்’ என்னும் இரு சொற்களும் வணிகக் குழுக்களின் உலகைச் சேர்ந்தவை. போசள வீர இராமநாதன் காலத்தில் அவ்வூர் வருவாயிலிருந்து கோயிலுக்குப் பத்துப் பொன் ஒதுக்கப்பட்ட செய்தியும் அங்கு உண்டு. பெங்களூரில் தமிழ் என்பது படையோடு வந்தது மட்டுமே எனக் கருதுவோர் ஒருமுறை தொம்மலூருக்குச் சென்று வரலாம்.

கோயிலைப் பொருளாதார நிறுவனமாகப் படிக்கும் ஆய்வுமரபுக்குப் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய திருப்பதிக் கட்டுரை முதன்மையானது. விஜயநகரக் காலத்தில் வழிபாட்டுக்கு வந்த பணக்கொடை, கோயில் ஊர்களின் ஏரியிலும் கால்வாயிலும் முதலாக இடப்பட்டு, கூடுதல் விளைச்சலாகத் திரும்பி, அதிலிருந்து திருவமுது நடந்ததை அவர் காட்டினார். பின்னர் ஆர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும், கொடை கோயிலுக்குச் சென்று ‘மரியாதை’யாகத் திரும்புவதை விளக்கினர். பரிவட்டமும் முதல் தீர்த்தமும் ஊரில் ஒருவர் இடத்தை உறுதிசெய்யும் நாணயங்கள். பணம் போய்ப் பெயர் வரும். பெயர் இருந்தால் மறுநாள் கடன் கிடைக்கும். இது என் மிகை எளிமைப்படுத்தல்தான், ஆயினும் கடைத்தெருவில் வாழ்ந்தவர்களுக்கு விளங்கும்.

இவ்வளவும் சொன்னதனால், ஆட்களைத் திரட்டும் நோக்கம் விழாவுக்குப் புதிது என்று கூறுவதாகக் கொள்ளவேண்டா. மணிமேகலையின் முதற்காதையே இந்திரவிழா அறிவிப்புத்தான். இருபத்தெட்டு நாள் விழா, பல மொழி பேசுவோர் கூடிய துறைமுக நகரம். மதுரையில் மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பர். மாசி அறுவடைக் காலம், மக்கள் வர இயலாது என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். காரணம் மெய்யாயின், பார்வையாளர் வசதிக்காக விழாவின் நாளையே மாற்றிய சுற்றுலா அமைச்சர் என நாயக்கரை வேடிக்கையாகக் குறிப்பிடலாம். அச்சித்திரையில் தமுக்கம் திடலில் அரசுப் பொருட்காட்சி நடந்துவந்தது. மைசூர்த் தசராவிலும் இதே இணைப்பைக் காணலாம். 1610இல் சீரங்கப்பட்டணத்தில் இராஜ உடையார் தொடங்கிய விழாவோடு, 1880இல் பத்தாம் சாமராஜர் பொருட்காட்சியைச் சேர்த்தார். மன்னராட்சி மறைந்தபின் அம்பாரியில் மன்னர் இருந்த இடத்தில் சாமுண்டேசுவரி அமர்ந்தார். விழாவைக் கர்நாடக அரசு ‘நாட ஹப்ப’ எனத் தனதாக்கிக்கொண்டது. யானை ஊர்வலத்தைப் பார்க்க இருக்கைகளும் அனுமதிச் சீட்டுகளும் ‘கோல்டு கார்டு’ம் வந்தன. உலாவாகத் தொடங்கியது பாதியளவு சுற்றுலாவாயிற்று. மாமல்லபுரம் நாட்டிய விழா முழுச் சுற்றுலாவுக்குச் சான்று. திசம்பர், சனவரியில் நடப்பது. அம்மாதங்களைத் தேர்ந்தது பஞ்சாங்கமன்று, குளிர்நாட்டுப் பயணியரின் விடுமுறை. அதில் தவறொன்றும் இல்லை. அவ்விழாவின் காசு விடுதி, வாடகை வண்டி, வழிகாட்டி, கற்சிற்பக் கடை என்ற வழியில் செல்லும்; அதை அளக்க வருகைக் கணக்குச் சரியான கோல். அதே கோலைப் பூப்பல்லக்கின்மேல் வைப்பதுதான் பிழை.

அளவுகோல்காரர்களின் தரப்பு வலுவற்றதன்று என்பதையும் சொல்லவேண்டும். நிகழ்ச்சிகளின் பொருளாதார விளைவை மதிப்பிடுவதில் நேரும் பதினொரு பிழைகளை ஜான் கிராம்ப்டன் 1995இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். உள்ளூராரின் செலவையும் விளைவாகக் கணக்கிடுவது அவற்றுள் ஒன்று. விழாவில் செலவழித்த உள்ளூரார், விழா இல்லையெனில் அதே பணத்தைத் திரையரங்கிலோ உணவகத்திலோ செலவழித்திருப்பார். ஆகவே ஊருக்குப் புதிதாக எதுவும் சேரவில்லை என்பது வாதம். ஏரணப்படி இதில் குறையில்லை. அரசுப் பணத்தில் பெருவிளையாட்டரங்கம் கட்டச் சொல்வோரின் புளுகைப் பிடிக்க இவ்வாதமே கருவி. ஆனால் அது கேட்கும் வினா ‘மொத்தம் கூடியதா?’ என்பது மட்டுமே. ‘யாரிடமிருந்து யாருக்குச் சென்றது?’ என்ற வினாவை அது கேட்பதில்லை. வணிக வளாகத்தில் செலவாகும் ஆயிரம் ரூபாயில் பெரும்பகுதி அன்றிரவே நகரைவிட்டு வெளியேறிவிடும். பொருளியலார் அதற்குக் ‘கசிவு’ என்று பெயரிட்டுள்ளனர். பூவுக்கும் தவிலுக்கும் பொரிக்கும் கொடுத்த ஆயிரம் ஓசூர்த் தோட்டம்வரை போகலாம். ஆனால் வழியெல்லாம் சிறுசிறு கைகளில் தங்கிச் செல்லும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று.

கொல்கத்தாவின் துர்க்கா பூசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அவ்விழாவைச் சார்ந்த படைப்புத் தொழில்களின் மதிப்பை, பிரிட்டிஷ் கவுன்சில் ஏற்பாடு செய்த ஆய்வொன்று 2019ஆம் ஆண்டுக்கு 32,377 கோடி ரூபாய் எனக் கணித்தது. மேற்கு வங்க மாநில உற்பத்தியில் 2.58 விழுக்காடு. செய்தித்தாள்கள் இத்தொகையைச் சுற்றுலாவின் வெற்றி என எழுதின. உள்ளே பிரித்துப் பார்த்தால் 27,364 கோடி, அதாவது ஆறில் ஐந்து பங்குக்கும் மேல், சில்லறை வணிகம். வங்காளியர் தம் வீட்டாருக்கு வாங்கிய புத்தாடையும் பரிசும் அதில் அடக்கம். பந்தல் கலைக்கு 860 கோடி. உலகமே படமெடுத்துச் செல்லும் அந்தக் களிமண் சிலைகளைச் செய்தோருக்கு 260 முதல் 280 கோடி வரைதான். மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. விழாவின் பொருளாதாரம் பெரிது என்பதற்கும் உள்ளூராரே அதை இயக்குகின்றனர் என்பதற்கும் விழாவைப் படைக்கும் கைகளுக்குச் சேர்வது சிறிது என்பதற்கும் இந்த ஓர் அட்டவணையே சான்று. மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் முதலாவதை மட்டும் தலைப்பாக்குவதே நம் வழக்கம்.

உலாப் பொருளாதாரத்தைப் பொற்காலமாக்கும் எண்ணமும் எனக்கில்லை. மண்டகப்படி ஏடு சமத்துவ ஏடன்று. எந்நாள் எச்சாதிக்கு, பல்லக்கு எத்தெருவில் திரும்பும், எத்தெருவில் திரும்பாது, வடம் பிடிப்போர் யார் என்பவற்றில் தமிழகம் சிந்திய குருதியும் நீதிமன்றங்களில் குவிந்த வழக்குகளும் ஏராளம். கண்டதேவித் தேர்வடத்தில் தலித் மக்களுக்குப் பங்கு கேட்ட சிக்கல் 1990களின் இறுதியில் உயர் நீதிமன்றம் சென்று, பல்லாண்டுகள் தேரே ஓடாமல் நின்றது. பூவிலை ஏறும் நாளில் கட்டும் பெண்ணின் கூலி அதே அளவில் ஏறும் என்பதற்கு எவ்வுறுதியும் இல்லை. விழாவின் செலவைத் தாங்கும் தெருவுக்கும் அதன் மரியாதையைப் பெறும் குடும்பத்துக்கும் இடையே தூரம் உண்டு. சுற்றுலாத்துறை நுழைந்தால் இத்தூரம் குறையும் என வாதிடுவோரும் உள்ளனர். சீட்டு வாங்கியவர் எவரும் அமரலாம் என்பதில் ஒரு சனநாயகம் இருப்பது மெய். ஆனால் அச்சனநாயகம் பார்ப்போருக்குத்தான். செய்வோரின் கூலியைச் சீட்டு தானாக உயர்த்துவதில்லை.

இதில் மெய்யாகவே ஆபத்தில் இருப்பது தெருவும் நீர்நிலையும். கரகத்தின் சடங்குகளில் சம்பங்கி ஏரிக்கு இடமுண்டு. ஏரியின் பெரும்பகுதி வறண்டு, அங்கே கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்தது. சடங்குக்கென ஒரு சிறு குளம் எஞ்சியது. ஸ்மிருதி ஸ்ரீநிவாசின் 2001ஆம் ஆண்டு நூல், கரகத்தின் பாதை எவ்வாறு அழிந்த ஏரிகளின் நினைவுப் படமாக இருக்கிறது என்பதை விரிவாகப் பேசுகிறது. அக்குளம் பிழைத்ததற்குச் சுற்றுலா வருவாய் காரணமன்று. திகளர்கள் ஆண்டுதோறும் அங்கு வந்து நின்றதே காரணம். நாளை அல்சூரில் சாலை விரிவாக்கமோ போக்குவரத்துக் கட்டுப்பாடோ பூப்பல்லக்கின் பாதையைச் சுருக்க முற்பட்டால், ‘இவ்விழாவால் நகருக்கு என்ன வருவாய்?’ என்றே அதிகாரி கேட்பார். வருகைக் கணக்கைத் தவிர வேறொன்றையும் நாம் எழுதிவைக்காவிடில், விடை சொல்ல ஏட்டில் ஒன்றும் இராது.

அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் தயாரான திருவள்ளுவர் சிலை, அவ்வாண்டின் காவிரிக் கலவரச் சூழலில் திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்ததை யாவரும் அறிவர். 2009 ஆகத்து 9 அன்று எடியூரப்பாவும் கருணாநிதியும் கூடி நின்றே அதைத் திறக்க முடிந்தது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் சிலை. மொழியை மேடையில் வைத்தால் இரு முதலமைச்சர்கள் தேவைப்படுகின்றனர். அதே அல்சூரின் கடைத்தெருவில் பாதிச் சொல் தமிழும் பாதிச் சொல் கன்னடமுமான ஒரு விழாவை எவரும் திறந்துவைக்க வேண்டியிருக்கவில்லை. முழம் போடுபவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் நம்பியாக வேண்டிய கட்டாயத்துக்கு அதில் பங்குண்டு என்று நினைக்கிறேன். இதை மெய்ப்பிக்கக் களஆய்வு தேவை.

அக்களஆய்வு பற்றி ஒரு வேண்டுகோள். விழாக்களின் பணவழியை அறிய நம்மிடம் உள்ள சிறந்த ஆவணம், எவரும் ஆவணமாக மதிக்காத ஒன்று: விழா அழைப்பிதழ். எந்நாள் உபயம் யாருடையது, அவர் தொழில் என்ன, எத்தெரு, நாகசுரம் எவ்வூர்க் குழு, அச்சகம் எது, எத்தனை மொழியில் அச்சிட்டனர் என்பவற்றை ஒரே தாளில் தருவது அது. முப்பது ஆண்டுகளின் அழைப்பிதழ்களை வரிசையாக வைத்தால், ஒரு தெருவின் தொழில் மாற்றம் முழுவதும் தெரியும். மரக்கடை உபயம் எப்போது நின்றது, வீட்டுமனை வணிகர் எப்போது நுழைந்தார் என்றெல்லாம் சொல்லலாம். விழா முடிந்த மறுநாள் அது பொட்டலத் தாளாகிவிடுகிறது. அல்சூர், சிவாஜிநகர், தொம்மலூர்ப் பக்கம் உறவினர் உள்ள நண்பர்கள், வீட்டுப் பரணிலும் பழைய இரும்புப் பெட்டியிலும் தேடிப் பாருங்கள். கோயில் அழைப்பிதழோ உபயதாரர் இரசீதோ கிடைத்தால் இருபுறமும் படமெடுத்து வையுங்கள். பின்புறத்தில் பென்சிலால் எவரேனும் பூக்கணக்கு எழுதியிருந்தால் அதை அழித்துவிட வேண்டா.